2028-க்கு ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தும்? துளசேந்திரபுரத்துக்கு மறுபடி வேலை வருமா?

பாமணிக்கரை:

மன்னார்குடி பக்கம் இந்தப் பேச்சு திரும்பக் கிளம்பியிருக்கு. 2028 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல ஜனநாயகக் கட்சிக்குக் கமலா ஹாரிஸ் மறுபடி நிப்பாங்களா, இல்ல வேற ஆளா? கமலாவோட தாத்தா பி.வி.கோபாலன் பொறந்த ஊருங்கிறதால துளசேந்திரபுரம் தர்ம சாஸ்தா கோயில்ல 2020-லயும் 2024-லயும் பூஜை போட்டதை உலகமே டிவியில பார்த்துச்சு. அந்தப் பாசம் இருக்கட்டும், எனக்கு வேண்டியது கணக்கு.

யூடியூப்ல ஒருத்தர் நியூசம்தான்னு சத்தியம் பண்றார். இன்னொருத்தர் புட்டிஜெஜ்ங்கிறார். கருத்துக்கணிப்பை மாத்தி மாத்திக் காட்டுறாங்க. நம்ம ஊர்ல விருப்ப மனு, நேர்காணல், அப்புறம் தலைமை அறிவிக்கும், பி படிவம் வரும், முடிஞ்சுது. அங்க யார் கையெழுத்துப் போட்டா சீட்டு? இப்பவே யாருக்குன்னு சொல்ல முடியுமா, முடியாதுன்னா எதைப் பார்த்து, எப்பத்திலேர்ந்து சொல்லலாம்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. "அமெரிக்காவை ஆளப்போகும் தமிழச்சி" வகையறா வேண்டாம்.

வெண்ணாறு:

கையெழுத்துப் போட ஆள் கிடையாது. குழப்பம் தொடங்குவதே இந்த இடத்தில்தான். ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக 2025 பிப்ரவரியில் தேர்வானவர் கென் மார்ட்டின். அவரை நம்மூர்க் கட்சித் தலைவர் மாதிரி நினைத்துக்கொண்டால் கணக்கு முழுதும் தப்பும். அவரும் அவருடைய குழுவும் தேதியும் விதியும் வகுப்பார்கள், விவாத மேடைக்கு யார் ஏறலாம் என்று நிபந்தனை போடுவார்கள். சீட்டு மட்டும் அவர்கள் கையில் இல்லை.

சீட்டு இருப்பது டெலிகேட்டுகள் கையில், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகள் கையில். 2028 ஆண்டின் முதல் பாதியில் மாநிலம் மாநிலமாகப் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று கேட்கும் வாக்குப்பதிவு நடக்கும், சில இடங்களில் காக்கஸ், அதாவது ஊர் ஊராகக் கூடித் தேர்வு செய்யும் கூட்டம். கட்சிக்காரர்களும், சில மாநிலங்களில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் வாக்களிப்பார்கள். அந்த விகிதப்படி டெலிகேட்டுகள் ஒதுக்கப்படுவார்கள். கோடையில் நடக்கும் மாநாட்டில் பாதிக்கு மேல் யார் கையில் இருக்கிறதோ அவர் வேட்பாளர். 2020 கணக்கு இது: பிரைமரி வழியாக வந்த டெலிகேட்டுகள் 3,979, வெற்றிக்கு வேண்டியது 1,991.

இந்த முறை ஒன்றும் பழங்காலத்தது இல்லை. 1968-ல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட இறங்காமல், மாநிலப் பெருந்தலைகளின் ஆதரவை மட்டும் வைத்து வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் அடிதடி, அடுத்து நவம்பரில் தோல்வி. அந்தச் சூட்டில்தான் விதிகளைத் திருத்தி 1972 முதல் பிரைமரிக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

இனி 15 சதவீத விதி. ஜனநாயகக் கட்சியில் வாக்குக்கு ஏற்ற பங்கு என்பது உண்மை. ஆனால் 15 சதவீதத்தைத் தொடாதவருக்குப் பங்கே கிடையாது. மாநிலம் முழுமைக்குமான டெலிகேட்டுகளுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் தனித்தனிக் கணக்கு, இரண்டிலும் இதே வாசல்படி.

ஒரு தொகுதியில் 6 டெலிகேட் என்று வையுங்கள். நான்கு பேர் வாங்கியது 40, 30, 16, 14 சதவீதம். நான்காமவர் கழிந்தார். மிச்சம் 86. முதல் ஆளுக்கு 40-ஐ 86-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 2.79. இரண்டாமவருக்கு 2.09, மூன்றாமவருக்கு 1.12. முழு எண்ணை மட்டும் எடுத்தால் 2, 2, 1, ஆக ஐந்து. மீதி ஒன்று, பின்னம் பெரிதாக இருப்பவருக்குப் போகும். முடிவு 3, 2, 1. பதினாறு வாங்கியவருக்கு ஒன்று, பதினான்கு வாங்கியவருக்குப் பூஜ்யம். இருவருக்கும் நடுவே இருந்தது இரண்டே சதவீதம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 4 டெலிகேட் உள்ள தொகுதியில் இருவர் மோதி ஒருவர் 55-45 என்று ஜெயித்தாலும் பங்கு 2-2தான். மூன்றுக்கு ஒன்று வேண்டுமென்றால் 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 3 டெலிகேட் உள்ள தொகுதியில் 51-49 வாங்கினாலே 2-1. தேர்ந்த பிரசாரக் குழு எந்தத் தொகுதியில் ஆளையும் பணத்தையும் இறக்குவது என்று முடிவு செய்வது இப்படித்தான், எந்த ஊரில் கூட்டம் கூடுகிறது என்று பார்த்து அல்ல.

டிவியில் "இவர் இத்தனை மாநிலம் ஜெயித்தார்" என்று வண்ணம் பூசிக் காட்டுகிறார்களே, ஜனநாயகக் கட்சிக்கு அதனால் பெரிய அர்த்தமில்லை. குடியரசுக் கட்சியில் உண்டு. 2024-ல் கலிஃபோர்னியாவில் பாதிக்கு மேல் வாங்குபவருக்கு 169 டெலிகேட்டுகளும் அப்படியே என்று வைத்திருந்தார்கள். அங்கே முந்திக்கொண்டவர் சட்டென்று முடித்துவிடுவார். இங்கே முந்திக்கொண்டவரை எட்டிப் பிடிப்பதே கஷ்டம், ஏனென்றால் தோற்றாலும் அவருக்கும் பங்கு போய்க்கொண்டே இருக்கும்.

குடந்தை வெற்றிலை:

வெண்ணாறு ஐயா சொன்னது சரி. ஆனா டெலிகேட் எண்ணுற வரைக்கும் பாதிப் பேர் வர்றதே இல்ல. வாக்குப்பதிவுக்கு முன்னாடி இருக்கிற வருஷம்தான் ஆளைக் கொல்லுது.

2019-ஐப் பாருங்க. இருபதுக்கு மேல வேட்பாளருங்க. மயாமியில முதல் விவாதத்தையே ரெண்டு ராத்திரியாப் பிரிச்சு, பத்து பத்துப் பேரா ஏத்துனாங்க. ஏற நிபந்தனை என்ன? மூணு கருத்துக்கணிப்புல 1 சதவீதம், இல்லன்னா 65,000 பேர்கிட்ட நன்கொடை, அதுலயும் 20 மாநிலத்துல மாநிலத்துக்கு 200 பேராவது இருக்கணும். டிசம்பருக்குள்ள அதை ரெண்டு லட்சம் பேருன்னு ஏத்திட்டாங்க, கூடவே நாலு கணிப்புல 4 சதவீதமும் வேணும். தொகை இல்ல, தலை எண்ணிக்கை. ஒரு டாலர் கொடுக்கிற ஆளைப் பிடிக்க இணைய விளம்பரத்துக்கு அதைவிடப் பல மடங்கு செலவு பண்ணிக் கஜானாவைக் காலி பண்ணவங்க உண்டு.

கமலா 2019 ஜனவரி 21 அறிவிச்சாங்க, டிசம்பர் 3 விலகிட்டாங்க. ஒரு ஓட்டு விழறதுக்கு முன்னாடியே. ஜூன் விவாதத்துல பைடனை மடக்குனதும் கணிப்பு ஜிவ்வுன்னு ஏறுச்சு, கோடை முடியறதுக்குள்ள இறங்குச்சு. பணமும் வத்திப்போச்சு. 2024-ல அவங்களுக்குப் பிரைமரியே இல்ல. ஆக பிரைமரிங்கிற பரீட்சையை அவங்க இதுவரைக்கும் எழுதி முடிக்கவே இல்ல. துளசேந்திரபுரத்துக்காரங்க கோவிச்சுக்கப்படாது.

இப்ப அடிபடுற பேருங்களை ஒவ்வொண்ணாப் பார்த்துடலாம்.

கேவின் நியூசம். கலிஃபோர்னியா கவர்னர், பதவிக்காலம் 2027 ஜனவரியோட சரி, திரும்ப நிக்க முடியாது. அது பலவீனம் இல்ல, வசதி. ஜனாதிபதி பிரசாரத்துக்கு நேரம் கிடைக்கும். 2025 நவம்பர்ல தொகுதி எல்லையை மாத்துற முன்மொழிவு 50-ஐ மக்கள் ஓட்டுல ஜெயிக்க வச்சார். அதுல வந்த நன்கொடையாளர் பட்டியல்தான் அவருக்குக் கிடைச்ச நிஜமான சொத்து. சொந்த மாநிலத்துக்கு டெலிகேட் ரொம்ப அதிகம், 2020-ல 415. ஆனா மேல சொன்ன விகிதக் கணக்குப்படி அதை முழுசா அள்ள முடியாது. தென் கரோலினாவுல கறுப்பின மக்கள் அவரை ஏத்துக்கிறாங்களான்னு இன்னும் பார்க்கணும்.

பீட் புட்டிஜெஜ். பைடன் ஆட்சியில போக்குவரத்து அமைச்சரா இருந்தவர், 2020-ல அயோவாவுல டெலிகேட் கணக்குல முன்னால வந்தவர். அதே மாசம் தென் கரோலினாவுல 10 சதவீதத்தைக்கூடத் தொடல, 15 வாசப்படி எங்க? பேச்சு அபாரம், அந்தப் பள்ளத்தை மூடினாரான்னு பார்க்காம அவரைப் பத்திப் பேசறதுல பிரயோஜனம் இல்ல. 2026-ல மிச்சிகன்ல செனட்டுக்கும் நிக்கல, கவர்னருக்கும் நிக்கலன்னு 2025 மார்ச்லயே சொல்லிட்டார். அப்படி ரெண்டையும் விடுறவர் எதுக்காகக் கையைக் காலியா வச்சிக்கிறார்னு யோசிச்சாப் புரியும்.

ஜோஷ் ஷபீரோ பென்சில்வேனியா கவர்னர். அந்த மாநிலத்துக்கு 19 எலெக்டோரல் ஓட்டு (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியா ஒதுக்கின ஓட்டு), 2024 தேர்தல்ல டிரம்ப் பக்கம் போனது. 2026 நவம்பர் 3 தேர்தல்ல அங்க பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சா, "நான் ஜெயிக்கிற இடத்துலேர்ந்து வர்றேன்"னு சொல்லலாம். ஜே.பி.பிரிட்ஸ்கர் இல்லினாய்ஸ்ல மூணாவது தடவை கவர்னருக்கு நிக்கிறார், கோடீஸ்வரர், பணத்துக்கு யாரையும் கேக்க வேண்டாம். ஆனா பணம் மட்டும் போதாதுன்னு 2020-ல மைக்கேல் புளூம்பெர்க் காட்டிட்டார். 100 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணார், ஜெயிச்சது அமெரிக்கன் சமோவாங்கிற தீவு ஒண்ணு. கென்டக்கியில டிரம்ப் அலைக்கு நடுவுல ரெண்டு தடவை ஜெயிச்ச ஆண்டி பெஷியர், மிச்சிகனோட கிரெட்சன் விட்மர், இவங்களும் வரிசையில இருக்காங்க.

நியூயார்க் எம்.பி. அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் 1989-ல பொறந்தவர், ஜனாதிபதிக்கு 35 வயசு ஆகியிருக்கணும்ங்கிற விதி தாண்டியாச்சு. சின்னச் சின்ன நன்கொடையை அள்ளறதுல இவங்க அளவுக்கு வேற ஆள் கம்மி. இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸோட கூட்டம் அப்படியே வந்தா எல்லா மாநிலத்துலயும் 15 தாண்டுவாங்க. ஆனா 15 தாண்டறதும் ஜெயிக்கிறதும் வேற வேற.

ரோ கன்னாவை நம்மாளுங்க சேத்துச் சொல்வாங்க. பஞ்சாபிக் குடும்பம், கலிஃபோர்னியா எம்.பி. இந்திய வம்சாவளி ஓட்டை நம்பி அங்க யாரும் வேட்பாளர் ஆக முடியாது, மக்கள்தொகையில நூத்துக்கு ரெண்டுகூட இல்ல.

பாமணிக்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. தென் கரோலினா தென் கரோலினான்னு ஏன் எல்லாரும் அதையே சொல்றீங்க? சின்ன மாநிலம்தானே. அப்புறம் இன்னொண்ணு, கணிப்புல கமலா பேர் மேல வருதே, அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

நீடாமங்கலம் ஜங்ஷன்:

தம்பி, மேட்டூர் ஜூன் 12 தொறந்தா கல்லணைக்கு வந்து, பிரிஞ்சு, கடைமடைக்குப் போறதுக்குள்ள என்ன ஆகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பிரைமரியும் அதேதான். தலைமடையில இருக்கிற நாலஞ்சு மாநிலம் குடிச்சு முடிச்ச பிறகுதான் மத்தவங்களுக்கு. ஜூன்ல ஓட்டுப் போடற மாநிலத்துக்குப் பல தடவை களத்துல ஒரே ஒரு பேருதான் மிச்சம் இருக்கும்.

2020 தேதியோட பாருங்க. பிப்ரவரி 3 அயோவா, பைடன் நாலாவது. 11 நியூ ஹாம்ப்ஷயர், அஞ்சாவது. 22 நெவாடா, சாண்டர்ஸுக்கு ரொம்பப் பின்னால ரெண்டாவது. எல்லாரும் பைடனுக்கு மாலையே வாங்கிட்டாங்க, சாவுக்குப் போடற மாலை. 26-ந்தேதி தென் கரோலினாவோட பெரிய கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு சொன்னார். 29-ந்தேதி பைடன் அங்க கிட்டத்தட்டப் பாதி ஓட்டு. மார்ச் 1 புட்டிஜெஜ் விலகல், மார்ச் 2 எமி குளோபுச்சர் விலகல், ரெண்டு பேரும் பைடன் பக்கம். மார்ச் 3 சூப்பர் செவ்வாய், அதாவது பல மாநிலம் ஒரே நாள்ல ஓட்டுப் போடற நாள், 14 மாநிலத்துல 10 பைடனுக்கு. நாலே நாள்ல கதை திரும்புச்சு.

அந்த மாநிலத்துல ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள். ஜார்ஜியா, அலபாமா, வட கரோலினான்னு தெற்கு முழுக்க அதே அடுப்பு, அதே பானை. ஒரு பருக்கை பதம் பார்த்தாப் போதும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. 2028-க்கு எந்த மாநிலம் முதல்லங்கிறது 2020 மாதிரியே இருக்கும்னு நம்பிக் கணக்குப் போடாதீங்க. 2020-ல அயோவாவுல முடிவு அனுப்பற செயலி கோளாறு பண்ணி, யார் ஜெயிச்சாங்கன்னே நாள்கணக்கா தெரியல. அந்தக் கோபமும் சேந்துதான் 2024-க்கு அயோவாவைக் கழட்டிவிட்டு தென் கரோலினாவை முதல்ல வச்சாங்க. நியூ ஹாம்ப்ஷயர் ஒத்துக்கல. அவங்க மாநிலச் சட்டமே, வேற எந்த மாநிலத்துப் பிரைமரிக்கும் ஏழு நாளாவது முன்னாடி எங்க பிரைமரின்னு இருக்கு. கட்சி அனுமதி இல்லாமலே 2024 ஜனவரி 23 நடத்துனாங்க. பைடன் பேரு வாக்குச்சீட்டுல இல்ல, ஆதரவாளருங்க கையால எழுதிப்போட்டே ஜெயிக்க வச்சாங்க. இப்ப கட்சியோட ஏற்பாடு, கிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்குன்னு நாலு வட்டாரத்துலயும் முன்வரிசையில ஒண்ணாவது இருக்கணும்ங்கிறது. வரிசை மாறினா வேட்பாளர் மாறுவார். வெள்ளை விவசாயிங்க நிறைஞ்ச மாநிலம் முதல்ல வந்தா புட்டிஜெஜுக்கு லாபம், தெற்கு முதல்ல வந்தா கமலாவுக்கு லாபம். பேரைப் பத்தி சண்டை போடறதுக்கு முன்னாடி அந்தத் தேதிப் பட்டியலைக் கையில வாங்குங்க.

மீறி முந்தினா தண்டனையும் உண்டு. 2008-ல ஃபுளோரிடாவும் மிச்சிகனும் முந்திக்கிட்டு தேதி வச்சாங்க. மொத்த டெலிகேட்டும் ரத்துன்னு முதல்ல சொன்னாங்க, பிறகு ஆளுக்கு அரை ஓட்டு, மாநாட்டுல கடைசியா முழு ஓட்டு. அடிச்சுட்டு அணைச்சுக்கிட்டாங்க.

கணிப்புக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னால எடுக்கிற தேசிய கணிப்பு அளக்கிறது பேர் பரிச்சயத்தை. 2007 முழுக்க ஹிலாரி முன்னால, 2008 ஜனவரி 3 அயோவாவுல ஒபாமா. அதே 2007-ல குடியரசுக் கட்சியில ரூடி ஜூலியானி முன்னால இருந்தார். முன்வரிசை மாநிலங்களைப் பெருசா எடுத்துக்காம ஃபுளோரிடாவுல பார்த்துக்கலாம்னு உக்காந்தார், ஜனவரி 29 அங்க தோத்து மறுநாளே விலகல். 2015-ல ஜெப் புஷ் பக்கம் 10 கோடி டாலருக்கு மேல குவிஞ்சது, தென் கரோலினா முடிஞ்ச ராத்திரி கடையைக் கட்டுனார். அதுக்காகக் கணிப்பு எல்லாமே குப்பைன்னு சொல்ல மாட்டேன், 2019-ல பெரும்பாலும் முன்னால இருந்த பைடன்தான் கடைசியில வந்தார். தேசிய எண்ணைப் பார்க்காம, முன்வரிசை மாநிலத்துக்குள்ள எடுத்த கணிப்பைப் பாருங்க. அதுவும் 2027 பின்பாதிக்கு மேல.

வெண்ணாறு:

கமலாவைப் பற்றி குடந்தையார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஒன்றை மறுக்க வேண்டும்.

சேர்க்க வேண்டியது: தோற்ற வேட்பாளருக்கு ஜனநாயகக் கட்சி மறுபடி சீட்டுக் கொடுத்தது கடைசியாக 1956-ல். அட்லாய் ஸ்டீவன்சன், 1952-ல் தோற்றவர், 56-லும் தோற்றார். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. ஹம்ஃப்ரி 1972-ல் முயன்று மெக்கவர்னிடம் இழந்தார். அல் கோர் 2004-ல் இறங்கவே இல்லை. குடியரசுக் கட்சியில் நிக்சன் 1960-ல் தோற்று 68-ல் வந்தார், டிரம்ப் 2020-ல் தோற்று 24-ல் வந்தார். எனவே சட்டத் தடை எதுவுமில்லை, பழக்கம்தான் இல்லை. 2024-ல் டிரம்பிடம் 312-226 என்ற எலெக்டோரல் கணக்கில், இழுபறி மாநிலங்கள் ஏழையும் இழந்தவர் என்பதை எதிராளிகள் ஒவ்வொரு மேடையிலும் சொல்வார்கள்.

மறுக்க வேண்டியது: "2024-ல் பிரைமரி இல்லை" என்பது பாதி உண்மை. பிரைமரி நடந்தது, ஜெயித்தவர் பைடன், 3,900 சொச்சம் டெலிகேட் அவருடையவை. ஜூலை 21 அவர் விலகினார். டெலிகேட்டுகளைக் கட்டிப்போடும் சட்டம் தேசிய அளவில் கிடையாது. தங்களைத் தேர்ந்தவர்களின் மனதை மனச்சாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பதுதான் கட்சி விதி. வேட்பாளரே விலகினால் அவர்கள் விடுதலை. பைடன் கமலாவைக் காட்டினார், ஒன்றிரண்டு நாளில் பெரும்பான்மை சேர்ந்துவிட்டது, ஆகஸ்ட் முதல் வாரம் இணையவழி வாக்கெடுப்பில் முறைப்படி முடித்தார்கள். சிகாகோ மாநாடு ஆகஸ்ட் 19-ல் தொடங்கியபோது அது வெறும் விழா. 2028-ல் அந்த வழி யாருக்கும் திறக்காது. பதவியில் இருந்துகொண்டு விலகுவதற்கு அங்கே ஆள் இல்லை.

கமலாவின் வாசல் திறந்திருக்கிறதா என்றால், திறந்தே வைத்திருக்கிறார். கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று 2025 ஜூலை 30 அறிவித்தார். நின்று ஜெயித்திருந்தால் 2027 முழுதும் மாநிலத்தில் மாட்டியிருப்பார். அக்டோபரில் பிபிசி பேட்டியில் இன்னொரு முயற்சியை மறுக்கவில்லை. ஆனால் வாசலைத் திறந்து வைப்பதில் வேறு லாபங்களும் உண்டு: மேடை கிடைக்கும், நன்கொடையாளர்கள் தொலைபேசியை எடுப்பார்கள். அதை அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு பேனர் அடிக்க வேண்டாம்.

சூப்பர் டெலிகேட் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் யூடியூப்காரர்கள் "கட்சி மேலிடம் சதி" என்று தொடங்கும்போது தேவைப்படும். எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சி நிர்வாகிகள் என 700-க்கு மேற்பட்டவர்கள் தேர்தல் இல்லாமலே டெலிகேட். 2016 ஹிலாரி-சாண்டர்ஸ் போட்டியின் கசப்புக்குப் பிறகு 2018-ல் விதி திருத்தி, போட்டி இருந்தால் முதல் சுற்றில் அவர்களுக்கு ஓட்டு இல்லை என்றாக்கினார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பாதி வராவிட்டால் இரண்டாம் சுற்றில் நுழைவார்கள். அப்படி இரண்டாம் சுற்று வந்ததே 1952-க்குப் பிறகு இரு கட்சியிலும் இல்லை. ஐந்தாறு பேர் 15-ஐத் தாண்டி நிற்கும் ஆண்டு ஒன்று வந்தால் வரலாம். 2028 அப்படி ஆகலாம் என்பது என் சந்தேகம், பணம் வற்றியவுடன் ஆட்கள் விலகிவிடுவதால் பெரும்பாலும் நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

குடந்தை வெற்றிலை:

ஐயா திருத்தினது சரி, ஏத்துக்கிறேன். ஆனா "அவங்களுக்கு எதிரா யாரும் நின்னு ஓட்டுக் கேட்ட பிரைமரி இல்ல"ங்கிறது நிக்குது.

தம்பி எதைப் பார்க்கணும்னு கேட்டதுக்கு: 2026 நவம்பர் 3 இடைக்காலத் தேர்தல் முடியாம யாரும் வாயைத் தொறந்து அறிவிக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி காலைப் பாருங்க, வாயைப் பார்க்காதீங்க. தென் கரோலினாவுல, நியூ ஹாம்ப்ஷயர்ல, நெவாடாவுல உள்ளூர் வேட்பாளருக்குப் பிரசாரம் பண்ண யார் திரும்பத் திரும்பப் போறாங்க? நம்ம கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே வந்து மொய் எழுதற ஆள் எதுக்கு வர்றார்னு நமக்குத் தெரியாதா?

அடுத்தது தேர்தல் ஆணையப் பதிவு. 5,000 டாலருக்கு மேல வாங்கினாலோ செலவழிச்சாலோ சட்டப்படி வேட்பாளர், பதிவு பண்ணியாகணும். "ஆலோசிச்சிக்கிட்டிருக்கேன்"னு சொல்லிக்கிட்டு நாள் கடத்துறது அதுக்குத்தான். பதிவு ஆன பிறகு மூணு மாசக் கணக்குத் தாக்கல் வரும்ல, அதுல மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீங்க. கையிருப்பு எவ்வளவு, செலவு வேகம் என்ன, 200 டாலருக்குக் கீழ கொடுத்தவங்க பங்கு எவ்வளவு, இந்த மூணுதான். பெரிய தொகை கொடுத்தவர் வரம்பைத் தொட்டுட்டா மறுபடி கொடுக்க முடியாது, அம்பது டாலர்காரர் மாசாமாசம் கொடுப்பார்.

மூணாவது, வேட்புமனுச் சடங்கு. இதுலதான் அறிஞர்கள்கூட வழுக்குவாங்க. நியூ ஹாம்ப்ஷயர்ல 1,000 டாலர் கட்டினாப் போதும். வர்ஜீனியாவுல 5,000 கையெழுத்து, ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் 200. 2012-ல அங்க 10,000 வேணும்னு இருந்தப்ப, குடியரசுக் கட்சியில ராம்னியும் ரான் பாலும் மட்டும்தான் வாக்குச்சீட்டுல ஏறுனாங்க. நியூட் கிங்ரிச் கையெழுத்துப் பத்தாம வெளிய நின்னார், அது அவர் குடியிருந்த மாநிலமே. 2027 கடைசியில எல்லா மாநிலத்துலயும் ஒரு பிசகு இல்லாம மனுப் போடற குழு யாருதுன்னு பார்த்தா உள்ள ஆள் பலம் தெரியும்.

பாமணிக்கரை:

இவ்வளவு போதும், நோட்டுல குறிச்சாச்சு. கடைசியா ஒரு கேள்வி, ஊர்ல நிறையப் பேர் கேக்கிறது. நம்ம பசங்க அங்க ஐ.டி.யில இருக்காங்க. கமலா நின்னா அவங்க மூலமா இங்கேர்ந்து வசூல் பண்ணி அனுப்பலாமான்னு பேச்சு. நியூ ஜெர்சியில இருக்கிற பிள்ளைங்க ஓட்டுப் போடலாமா?

நீடாமங்கலம் ஜங்ஷன்:

அந்த வசூல் நோட்டை இப்பவே மூடச் சொல்லுங்க. விளையாட்டு இல்ல.

வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது, எந்த மட்டத்துத் தேர்தலா இருந்தாலும் சரி. இங்கேர்ந்து கொடுக்கிறதும் தப்பு, அங்க எச்-1பி விசாவுல இருக்கிறவர் சொந்தச் சம்பளத்துலேர்ந்து கொடுக்கிறதும் தப்பு. கிரீன் கார்டு வச்சிருக்கிறவர் கொடுக்கலாம், குடிமக்கள் கொடுக்கலாம். 2025-26 சுற்றுல ஒருத்தர் ஒரு வேட்பாளருக்குப் பிரைமரிக்கு 3,500 டாலர், பொதுத் தேர்தலுக்கு 3,500. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விலைவாசிப்படி திருத்துவாங்க, அதனால 2027-ல புது வரம்பைப் பார்த்துக்கணும். ஊர்ல பத்துப் பேர் பணத்தைச் சேர்த்து கிரீன் கார்டு மாப்பிள்ளை பேர்ல கட்டுறது, அடுத்தவர் பேர்ல நன்கொடைங்கிற தனிக் குற்றம்.

பல பேர் தெரியாம மாட்டுறது டி-ஷர்ட்டுல. பிரசாரக் கடையில தொப்பி, கோப்பை, டி-ஷர்ட் வாங்கினா அந்த முழு விலையும் சட்டப்படி நன்கொடைக் கணக்கு. எச்-1பி பையன் ஆசைக்கு ஒரு தொப்பி வாங்கினாலும் அதேதான். சம்பளம் வாங்காம தொண்டு வேலை செய்யலாம், வீடு வீடாப் போகலாம், போன் பேசலாம். முடிவெடுக்கிற வேலையில மட்டும் தலையிடக் கூடாது.

ஓட்டு குடிமக்களுக்கு மட்டும், கிரீன் கார்டுக்குக் கிடையாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போற இடத்துல, வாக்காளரா பதியவான்னு ஒரு கேள்வி வரும், கை பழக்கத்துல ஆமான்னு டிக் பண்ணிடாம இருக்கச் சொல்லுங்க. குடிமகன் இல்லாதவர் பதிஞ்சா பின்னால குடியுரிமை விண்ணப்பம் அடிபடும், நாடு கடத்துற வரைக்கும் போகலாம்.

தர்ம சாஸ்தாவுக்கு இங்க அபிஷேகம் பண்றதுக்கு மட்டும் எந்த வரம்பும் இல்ல.

வெண்ணாறு:

கோயில் கல்வெட்டில் 2014-ல் கமலா பெயரில் 5,000 ரூபாய் நன்கொடை பொறித்திருக்கிறது, அது இங்கே கோயிலுக்குக் கொடுத்த பணம், தடை இல்லை.

ஜனாதிபதி வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்த ஆர்.வெங்கட்ராமன் 1987 முதல் 92 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தார். அவரை வேட்பாளராக்க பிரைமரியும் இல்லை, 15 சதவீதமும் இல்லை. ஆட்சியில் இருந்த காங்கிரஸ் முடிவெடுத்தது, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வாக்களித்தார்கள்.

பாமணிக்கரை, தேதிப் பட்டியலைக் கட்சி இறுதியாக்கியதும் இதே இழையில் போடுங்கள். எந்த மாநிலத்தில் எத்தனை டெலிகேட், எந்தத் தொகுதி ஒற்றைப்படை என்று பிரித்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.